துடைத்த மேசை

ஃபிரிட்ஜ் கைபிடியைச் சவர்க்காரத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் டிலோஜினி கவனித்தாள், குசினி யன்னல் மறுபடியும் சாத்திக் கிடந்தது. அரை மணித்தியாலத்துக்கு முன்னால்தான் திறந்து, அசையாமல் இருக்க அடியில் கல்லும் வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்தக் கல்லை எடுத்துச் சுவரோரமாக ஒழுங்காக வைத்து, யன்னலை இழுத்துக் கொண்டியும் போட்டிருந்தது. வீட்டுக்குள் வெக்கை அடுப்பில் வைத்த சட்டிபோல் கொதித்தது. தலைமன்னாரில் ஆனி மாதத்தில் யன்னலைச் சாத்திவிட்டு உட்காருகிற ஒரே வீடு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அவள் மறுபடியும் திறந்தாள். காற்று மணலையும் சேர்த்துக்கொண்டு முகத்தில் அடித்தது.

"மச்சாள், யன்னலைச் சாத்தாதைங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? அவிஞ்சு சாகப்போறம்."

மாக்கிறட் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். டிலோஜினியின் புருஷன் ஜெராட்டின் அக்கா. சின்ன உருவம், நெற்றியில் எப்போதும் ஒரு கவலைச் சுருக்கு. "புள்ளைக்கு ஆகாதுன்னுதானே சாத்துறேன்" என்றாள், ஏதோ டிலோஜினிதான் பிள்ளையைப்பற்றி அக்கறையில்லாதவள் என்பதுபோல. பதில் சொல்லத் தொடங்கினால் நிற்காது என்று டிலோஜினிக்குத் தெரியும். சின்னப்பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிற பழக்கம் இந்தியாவில் கற்றதாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பிள்ளை என்பது டிலோஜினியின் மகள் ஷெரோமி. நான்கு வயது. போன வருடம் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுப்பதுபோல அவளுக்கும் ஒரு சரை கச்சான் வாங்கிக் கொடுத்தார்கள். கோது உடைத்துக் கொடுத்தது ஜெராட்தான். இரண்டு பருப்பு தின்றாள், மூன்றாவதை வாயில் வைத்திருந்தபடியே முகம் வீங்கத் தொடங்கியது. கண் மூடிப்போய், உதடு தடித்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அங்கே இருந்த டொக்டர் பெண் சொன்னாள்: இனி இவளுக்குக் கச்சான் என்பது நஞ்சு. தின்பது மட்டுமில்லை. யாராவது தின்றுவிட்டுத் தொட்ட மேசையை இவள் தொட்டு, அந்தக் கையை வாயில் வைத்தாலும் போதும். டிலோஜினி வீட்டுக்கு வந்து ஒரு போத்தல் சனிற்றைசரை வாங்கி எல்லாவற்றிலும் பூசினாள். அடுத்த கிளினிக்கில் அதைப் பெருமையாகச் சொன்னபோது டொக்டர் தலையாட்டினாள். "அது கிருமிக்கு அம்மா. இது கிருமி இல்லை, சாப்பாடு. சாகடிக்கேலாது, துடைச்சுத்தான் எடுக்கவேணும். சவர்க்காரமும் தண்ணியும் போட்டு நல்லாத் துடையுங்கோ. கையையும் அப்பிடித்தான்."

அன்று தொடங்கியது துடைப்பு. மேசை, கதிரைக் கை, றிமோட், சுவிச், கதவுக் கைபிடி, ஜெராட்டின் மோட்டார்சைக்கிள் சீற். துடைப்பதுகூடப் பெரிய கரைச்சல் இல்லை. சனங்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் உயிரை எடுத்தது. மடுவுக்கும் வேறு திருவிழாக்களுக்கும் போய்வருகிற ஒவ்வொருவரும் கையில் ஒரு பை கச்சானுடன்தான் வாசலில் வந்து நின்றார்கள். கோயிலுக்குப் போனால் கச்சான் கொண்டு வராமல் எப்படி? படலையிலேயே பையின் நுனியைப் பிடித்து வாங்கி, அடுத்த வீட்டு ஸப்ராஸிடம் கொடுத்துவிடுவாள். சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்கள். "எங்கட காலத்தில இப்பிடியொரு வருத்தம் கேள்விப்படேல்லையே" என்றார்கள் சிலர். அவள் படிப்பிக்கிற முன்பள்ளியில் ஒரு தாய், "ஒவ்வொண்டாக் குடுத்துப் பழக்கினாச் சரியாப்போகும் டீச்சர், பயப்பிடுத்தக் கூடாது" என்று அவளுக்கே பாடம் எடுத்தாள். இன்னொரு தாய் பிள்ளைக்குக் கச்சான் அல்வா கட்டிக் கொடுத்துவிட்டு, "அது அல்வாதானே, கச்சான் இல்லையே" என்றாள். முன்பள்ளியில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் கச்சான் டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். வைக்கட்டும்.

அப்படியிருந்தும் மாதக்கணக்கில் வீடு சுத்தமாகத்தான் இருந்தது. ஷெரோமியின் தோலில் ஒரு தடிப்பும் வரவில்லை. சித்திரையில் மாக்கிறட் வந்தாள்.

தொண்ணூறில், ஏழு வயதில், சின்னம்மாவோடு வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் போனவள் மாக்கிறட். தாயும் தகப்பனும் கைக்குழந்தை ஜெராட்டோடு அடுத்த வள்ளத்தில் வருவதாக இருந்தது. அடுத்த வள்ளம் போகவில்லை. மண்டபம் முகாமில் வளர்ந்து, தங்கச்சிமடத்து மனிசன் ஒருவரைக் கட்டி, முகாமை விட்டு வெளியே அவருடைய சனத்தோடு இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தாள். பிள்ளை இல்லை. போன வருடம் அவரும் காலமானார். தாய் தகப்பன் செத்தவீட்டுக்கு வரமுடியாத அக்காவை ஜெராட் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் போய் நின்று கூட்டி வந்தான். அவள் சாமானில் பாதி சேலை, மீதி பொடி, ஊறுகாய், வடகம், டின்களில் கட்டிய பருப்பு வகை. வந்த முதல் நாளே, அவள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள், டிலோஜினி சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"மச்சாள், கோவிக்காதைங்கோ. ஒரு விஷயம். ஷெரோமிக்குக் கச்சான் ஒத்துவராது. வீட்டுக்குள்ள கச்சான் வரவே கூடாது. பட்டாலே உடம்பு தடிக்கும், மூச்சு இழுக்கும். கண்ணுக்குத் தெரியாமல் மேசை, கதிரையெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும்."

மாக்கிறட் கன்னத்தில் கை வைத்தாள். "அடி ஆத்தா. பச்சைப் புள்ளைக்கா? நீ கவலைப்படாத டிலோ. நான் பாத்துக்கிறேன்." அந்தக் குரலில் பொய் இல்லை. இத்தனை பேருக்குச் சொல்லி, முதல் தடவையாக ஒருத்தி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டாள் என்று டிலோஜினிக்கு அன்று அழுகைகூட வந்தது.

வைகாசியில் தடிப்புத் தொடங்கியது. முதலில் முழங்கையில், பிறகு கன்னத்தில், வாய் ஓரத்தில். மருந்துப் பாணி கொடுத்தால் அடங்கும். இரண்டு நாள் சும்மா இருக்கும், பிறகு திரும்ப வரும். டிலோஜினி துடைப்பை இரட்டிப்பாக்கினாள். ஷெரோமியின் மேசைக்கென்று ஒரு நீலத்துணியைத் தனியாக வைத்தாள். விடிந்தால் துடைப்பு, முன்பள்ளியால் வந்தால் துடைப்பு. கை வெடித்து, விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. சந்தேகம் நேராக ஜெராட்டில் போய் நின்றது. கடற்கரையில் வலை பொத்தும்போது கச்சான் கொறிக்கிறவன்தானே அவன், மடுவுக்குப் பிறகு விட்டுவிட்டேன் என்று சொன்னதை யார் கண்டது?

"உண்மையைச் சொல்லுங்கோ. வாடியில இருந்து திண்டிட்டுத்தானே வாறியள்?"

"அந்தோனியார் ஆணை, நான் கையாலயும் தொடேல்லை."

"அந்தோனியாரை ஏன் இழுக்கிறியள்? பிறகு எங்கயிருந்து வருது? வானத்தில இருந்தோ?"

அவனுடைய சாரத்தின் மடிப்பை உதறிப் பார்த்தாள். சேட்டுப் பையைப் பிரித்து மணந்தாள். கடலால் வருகிறவன் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் படியேறவேண்டும் என்று சட்டம் போட்டாள். அவனும் ஈர உடம்போடு வந்து ஏறினான். சில நாள் கடற்கரை வாடிக் கொட்டிலிலேயே சாப்பிட்டுவிட்டு, பிள்ளை நித்திரையான பிறகுதான் வந்தான். பிள்ளையைத் தூக்குவதையும் குறைத்துக்கொண்டான். அது டிலோஜினிக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. குற்றமில்லாதவன் ஏன் ஒதுங்கவேண்டும்?

மாக்கிறட்டை அவள் சந்தேகிக்கவில்லை. எப்படிச் சந்தேகிப்பது? அந்த மனுஷி நாள் முழுக்கத் தூசு தட்டிக்கொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு மேசையைத் துடைத்தாள், கதிரையைத் துடைத்தாள், யன்னல் விளிம்பில் படிந்த மணலை விரலால் வழித்து எடுத்துக் காட்டி, "பாரு, எவ்வளவு வந்திருக்கு" என்றாள். டிலோஜினியும் பிள்ளையும் முன்பள்ளிக்குப் போன பிறகு, பத்து மணிபோல அவள் தனக்கென்று இரண்டு தோசை ஊற்றிச் சட்னி அரைத்துச் சாப்பிடுவாள். காலையில் பாணும் சம்பலும் அவளுக்கு இறங்குவதில்லை. ஒருநாள் டிலோஜினி கேட்டும் இருக்கிறாள், என்ன சட்னி என்று. "கடலைச் சட்னிதான்" என்றாள் மாக்கிறட். கடலை என்றால் டிலோஜினிக்குத் தெரிந்தது கொண்டைக்கடலை. மாலையில் அவித்துத் தாளிப்பார்களே, அது. அதிலும் சட்னி அரைப்பார்கள்போலும் என்று நினைத்துக்கொண்டு துணியை அலசப் போனாள். மத்தியானம் அவர்கள் வரும்போது மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி வேறு எந்த மணமும் அந்தக் குசினியில் நிற்காது.

அந்த வியாழக்கிழமை முன்பள்ளியில் பெற்றார் கூட்டம். அதே தாய் அதே கதையைத் திரும்பச் சொன்னாள், டிலோஜினி அதே பதிலைத் திரும்பச் சொன்னாள். தலையிடியோடு வீட்டுக்கு வந்தபோது யன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. ஷெரோமி மாம்பழம் கேட்டுச் சிணுங்கினாள். டிலோஜினி ஒரு யன்னலைத் தள்ளித் திறந்தாள், பிள்ளையின் கையைக் கழுவினாள், குழாயடியில் கொழுவியிருந்த நீலத்துணியை எடுத்தாள். அது ஈரமாகத்தான் இருந்தது. சவர்க்காரத் தண்ணீர் கரைக்கப் பஞ்சிப்பட்டு விட்டுவிட்டாள். இன்னொரு தரம் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மேசையை மூலை முடுக்கெல்லாம் அழுத்தித் துடைத்தாள். மாம்பழத்தைச் சீவிக் கோப்பையில் வைத்தாள். ஷெரோமி துண்டுகளைக் கோப்பையிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினாள். அவை வள்ளங்களாம். ஒவ்வொரு வள்ளமாகக் கரைக்கு வந்து அவள் வாய்க்குள் போனது.

டிலோஜினி உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு ஓங்காளித்துச் சத்தியெடுக்கிற சத்தம். ஓடி வந்து பார்த்தபோது உதடு இரண்டும் தடித்து, கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. "அம்மா, தொண்டைக்குள்ள கடிக்குது" என்றாள் ஷெரோமி, வேறு யாரோ பேசுகிற குரலில். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே போய் வந்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். வேலிக்கு மேலால் ஸப்ராஸைக் கூப்பிட்டது. அவன் சாரத்தோடேயே ஆட்டோவை எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "மூச்சு விடு குஞ்சு, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாக்கிறட் செருப்பில்லாமல் ஏறி உட்கார்ந்து, "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொன்னது. உள்ளே போனதும் தொடையில் ஊசி போட்டார்கள், முகத்தில் காற்று மூடியை வைத்தார்கள். மெல்ல மெல்ல அந்த இழுப்பு இறங்கியது. பிள்ளை அழத் தொடங்கினாள். அழுகைச் சத்தம் கேட்டதும் டிலோஜினி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கடமையில் இருந்த டொக்டர் இளம் பெண். அமைதியாகக் கேட்டாள். "என்ன சாப்பிட்டவ?"

"மாம்பழம். மாம்பழம் மட்டுந்தான். அது எப்பவும் சாப்பிடுறவ. மேசையையும் நான்தான் துடைச்சனான், டொக்டர். என்ர கையாலதான் துடைச்சனான்."

"இவவுக்குக் கச்சான் அலர்ஜி எண்டு கிளினிக் கொப்பியில இருக்கு. வீட்டில கச்சான் ஏதும் இருந்ததோ?"

டிலோஜினி வாய் திறப்பதற்கு முன்னால் மாக்கிறட் முன்னுக்கு வந்தாள். "இல்லைங்க டாக்டர். கச்சான் வீட்டுக்குள்ள வரவேயில்ல. நான் சத்தியமாச் சொல்றேன். காலையில இருந்து ஒரு ஜன்னல் திறக்கல. எல்லாம் சாத்தித்தான் வச்சிருந்தேன். இவ வந்துதான் ஒண்ணத் திறந்தா. அது வழியா அடிச்சிருக்கும்."

டொக்டர் மாக்கிறட்டைப் பார்த்தாள். பிறகு டிலோஜினியைப் பார்த்தாள்.

"என்ன அடிச்சிருக்கும்?" என்று கேட்டாள் டிலோஜினி.

"கச்சான்தான். இப்போ கச்சான் காத்து அடிக்கிற காலம்தானே? எங்கப்பா சொல்லுவாரு, கச்சான் அடிச்சா வள்ளம் இறக்காதன்னு. நீதானே சொன்ன, புள்ளைக்குக் கச்சான் ஆகாது, பட்டாலே தடிக்கும்னு. அதான் மணல் ஒரு பொட்டு உள்ள வராம நான்..."

டிலோஜினிக்குக் கடற்கரையில் ஆண்கள் காற்றைப்பற்றிப் பேசுகிற பேச்சு ஞாபகம் வந்தது. கச்சான் எழும்பிட்டுது, கச்சான் விழுந்திட்டுது. ஜெராட் வீட்டிலேயே நூறு தடவை சொல்லியிருப்பான். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கட்டுக்கரைப் பக்கத்தில் வயலுக்கு நடுவே பிறந்தவளுக்குக் காற்றின் பெயரெல்லாம் ஆம்பிளைகளின் கதை. ஒரு வருடமாக அந்தச் சொல் அவள் தலைக்குள் ஒரே ஒரு பொருளாகத்தான் இருந்தது.

"மச்சாள்," என்றாள், குரலை மிகவும் மெதுவாக வைத்துக்கொண்டு. "நீங்கள் அரைக்கிற சட்னி. அந்தக் கடலை எப்பிடி இருக்கும்?"

"கடலைன்னா கடலைதான். வேர்க்கடலை. மண்ணுக்குள்ள காய்க்குமே. உடைச்சா உள்ள ரெண்டு பருப்பு இருக்கும். ஊர்ல இருந்து வறுத்துத் தோல் நீக்கி டின்ல கொண்டாந்தேன்ல..." மாக்கிறட்டின் வார்த்தை பாதியில் நின்றது. டிலோஜினியின் முகத்தில் எதைக் கண்டாளோ, ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

"இண்டைக்கு அரைச்சனீங்களா?"

"காலையில. மிக்ஸியக் கழுவிட்டேன். தண்ணி ஊத்தி நல்லாக் கழுவிட்டேன். சிந்தினதத் துடைச்சிட்டேன்."

"எந்தத் துணியால?"

"அந்த நீலத்துணி. கைக்கு அதுதான்..."

டிலோஜினி சிரித்துவிட்டாள். அது சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு வருடம் சுவிச்சையும் கைபிடியையும் உரஞ்சி, புருஷனின் சாரத்தை மணந்து பார்த்து, அவனைக் கிணற்றடியில் நிறுத்தி, கடைசியில் தன் கையாலேயே அந்த நஞ்சை மேசை முழுக்கப் பூசி அதன்மேல் பழத்தையும் வைத்திருக்கிறாள். அழுத்தித் துடைத்தாளே, மூலை முடுக்கெல்லாம். யாரைத் திட்டுவது? திட்ட வாய் துடித்தது. அத்தனை பேர் தெரிந்துகொண்டே அலட்சியம் செய்தார்கள். அவர்களைத் திட்டலாம். இவளோ சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றியவள். வெக்கையில் வெந்துகொண்டு காப்பாற்றியவள்.

"ஏழு வயசு வரைக்கும் உங்களுக்கு ஒருத்தரும் கச்சான் வாங்கித் தரேல்லையா மச்சாள்?" என்று கத்தினாள். வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாக்கிறட் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "வாங்கித் தந்திருப்பாங்க" என்றாள். "அதுக்கு இங்க அதான் பேரா? மறந்துபோச்சு டிலோ."

பிறகு அவள் வார்டுக்கு வெளியே வாங்கில் போய் உட்கார்ந்தாள். பின்னேரம் ஜெராட் கடலால் வந்து, கேள்விப்பட்டு, ஓடி வந்தான். டிலோஜினி அவனிடம் நடந்ததைச் சொன்னாள். தன்னைச் சந்தேகப்பட்டதற்கு அவன் ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாள். சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்ப் பிள்ளையின் பாதத்தை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டான். மாக்கிறட்டை ஸப்ராஸோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் ஏறும்போது அவள் டிலோஜினியின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் தங்கச்சிமடத்துக்கே போயிடுறேன்" என்று தம்பியிடம் மட்டும் சொன்னாளாம். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று ஜெராட் கேட்கவில்லை.

ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் மத்தியானம் விட்டார்கள். டொக்டர் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லி அனுப்பினாள். டின்னை வெளியே போடுங்கோ. மிக்ஸியின் றப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கோ, அல்லது வேறு வாங்குங்கோ. துணிகளை எறிந்துவிடுங்கோ. மிச்சத்துக்குச் சவர்க்காரமும் தண்ணீரும் போதும். போதும் என்ற சொல்லை டிலோஜினி திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். "ஓம், போதும்" என்றாள் டொக்டர்.

ஆட்டோ படலையடியில் நின்றபோது முற்றம் ஒரு கடைபோல் இருந்தது. மேசை, கதிரைகள், பாய், மிக்ஸி, கோப்பைகள், கரண்டிகள் எல்லாம் வெயிலில் கிடந்தன. மரச் சாமான்களிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேலி நீளத்துக்கும் மாக்கிறட்டின் சேலைகள், உடுத்தது உடுக்காதது எல்லாம், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு காய்ந்தன. அவள் கிணற்றடியில் டிலோஜினியின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்து, தன் கைகளை முழங்கைக்கு மேல் வரை தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் விடிய முதலே தொடங்கியவளாக இருக்கவேண்டும், விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கியிருந்தது. சவர்க்காரக் கட்டி தேய்ந்து நகம் அளவுக்கு வந்துவிட்டது.

ஷெரோமி தகப்பனின் கையிலிருந்து வழுகி இறங்கி ஓடினாள்.

"வேணாம், கிட்ட வராத!" மாக்கிறட் துள்ளி எழுந்தாள். பிள்ளையின் தலையில் படாமல் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு கிணற்றுக் கட்டோடு ஒட்டி நின்றாள். நுரை முழங்கையால் வழிந்து அவள் தோளில் இறங்கியது. "டிலோ, புள்ளையப் பிடி. என் மேல இன்னும் இருக்கும், புள்ளையப் பிடி."

டிலோஜினி மருந்துப் பையோடு படலையடியில் நின்றாள். டொக்டர் சொன்ன அந்தப் 'போதும்' இன்னும் அவள் வாயிலிருந்து வரவில்லை. ஷெரோமி கிணற்றடியில் நின்று, தலைக்கு மேலே நுரை ஒழுகுகிற அந்தக் கைகளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, தூக்கச் சொல்லி, தன்னுடைய இரண்டு கைகளையும் அதேபோல உயர்த்தினாள்.